சரோஜா அக்கா வெட்டி வைத்த பக்கங்கள்

தம்பி மகள் நித்யா பொங்கல் லீவுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்தாள். மாட்டுப்பொங்கல் மத்தியானம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு அசந்து கிடந்தபோது, என் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய மாத நாவலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். கோட்டையைப் பற்றியும் நாயக்கர் காலத்தைப் பற்றியும் நான் வருஷக்கணக்கில் சேர்த்த கனமான புத்தகங்கள் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, அலறும் பெண் முகமும் சொட்டும் ரத்தமுமாக அட்டை போட்ட அந்த ஒல்லிப் புத்தகம்தான் அவள் கைக்கு அகப்பட்டது. குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. அந்த வயதில் நானும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

காபி வேளைக்கு எழுந்து வந்தாள்.

"பெரியப்பா, கடைசிப் பக்கமெல்லாம் எங்க? இன்ஸ்பெக்டர் எல்லாரையும் ஹால்ல உக்கார வச்சிட்டு, கொலைகாரர் இந்த அறையிலதான் இருக்கார்னு சொல்றாரு. அதோட கட். அநியாயமா இருக்கு."

"கிழிஞ்சி போவல. வெட்டி எடுத்ததும்மா."

"யாரு வெட்டுனா?"

"சரோஜா அக்கா."

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அட்டையின் மூலையில் ஒட்டிய ஜாக்கெட் துணித் துண்டு அப்படியே இருந்தது. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. முகர்ந்தும் பார்த்தேன், பழைய புத்தகத்தை முகராமல் கீழே வைப்பவர்களை நான் நம்புவதில்லை. மக்கிய தாளின் வாசனைக்கு அடியில் தையல் மிஷின் எண்ணெயின் வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அல்லது ஒட்டியிருப்பதாக எனக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் கழித்து மூக்கு சொல்வதை அப்படியே நம்ப முடியாது.

அப்போது எனக்குச் செஞ்சி கமிட்டியில் வேலை. வேர்க்கடலையும் நெல்லும் ஏலத்துக்கு வருகிற அரசாங்க விற்பனைக்கூடத்துக்கு ஊரில் அதுதான் பெயர். தொண்ணூறுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியான தேதியைச் சொல்லாமல் நான் இப்படி நழுவுவதைப் பழைய சிநேகிதர்கள் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள். எந்த மழை எந்தக் கிழமை பெய்தது, பஸ் ஸ்டாண்டில் முதல் டியூப் லைட் எப்போது எரிந்தது என்றெல்லாம் கேட்காமலே சொல்லுகிற வியாதி எனக்கு உண்டு. ஊரில் எனக்குக் காலண்டர் என்று பட்டப்பெயர். அதை எனக்கு வைத்தவளே சரோஜா அக்காதான்.

பஜாரிலிருந்து திருவண்ணாமலை ரோட்டுக்குத் திரும்புகிற சந்தில் ஒற்றை அறையில் அவள் தையல்கடை. முன்பக்கம் மிஷின், பின்சுவரில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்ட மாத நாவல்கள். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் காத்திருக்கும்போது புரட்டட்டும் என்று அவள் போட்டுவைத்த நாலைந்து புத்தகம் எப்படியோ பெருகி வாடகை நூலகமாகிவிட்டது. எல்லாம் கொலைக் கதைகள். குடும்பக் கதை கேட்டு வருகிற பெண்களிடம், "அதுதான் வீட்லயே இருக்குதே, காசு குடுத்து வேற படிக்கணுமா?" என்பாள்.

வாடகைப் புத்தகத்துக்கு ஒரு சாபம் உண்டு. முதலில் படித்த ஆள், பால்பாயிண்ட் பேனாவால் முதல் பக்கத்திலேயே "கொலைகாரன் டிரைவர்" என்று எழுதி வைத்துவிடுவான். அந்த மனுஷனுக்கு இதில் என்ன சுகமோ, ஊருக்கு ஊர் இப்படி ஆட்கள் இருந்தார்கள். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் கத்திரியை எடுத்தாள். புது நாவல் வந்ததும் கடைசி ஃபாரத்தை, அதாவது முடிச்சு அவிழ்கிற கடைசிப் பக்கங்களை, வெட்டி எடுத்துவிடுவாள். அட்டையில் ஒரு துணித் துண்டு. வெட்டிய பக்கங்களில் அதே துணியில் இன்னொரு துண்டு, குண்டூசி குத்தி. பக்கங்கள் எல்லாம் மிஷினுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து அவளிடம் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால்தான் பெட்டி திறக்கும்.

"யாரு? ஏன்? எந்தப் பக்கத்துல?"

யார் கொலைகாரன், ஏன் செய்தான், எந்தப் பக்கத்தில் அவனைப் பிடித்தாய். முடிவு தப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே ஃபாரத்தைக் கொடுத்துவிடுவாள். ஆனால் மூன்றாவது கேள்விக்குப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்ட வேண்டும். "சும்மா தோணுச்சிக்கா" என்று சொன்னவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாள். "தோணுனா போயி திருப்பிப் படி. தோணுறதுக்கெல்லாம் ஃபாரம் குடுக்க முடியாது."

தினமும் சாயங்காலம் அந்தக் கடை வாசலில் ஒரு கோர்ட் நடக்கும். அவலூர்பேட்டை பஸ் கண்டக்டர் கோவிந்தன், டைப் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த தயாளன் மாஸ்டர், நான். எதிரில் டீக்கடை. அவ்வப்போது போலீஸ் ஸ்டேஷன் ஏட்டு ஒருவரும் வந்து சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்பார். கேட்டால் சம்சாரத்துக்குப் புத்தகம் என்பார். சம்சாரத்துக்குப் படிக்கத் தெரியாது என்று எங்களுக்குத் தெரியும்.

அப்போது வந்த கொலைகளெல்லாம் சென்னையிலும் கோயமுத்தூரிலும் ஊட்டி பங்களாவிலும்தான் நடந்தன. அதில் எங்களுக்கெல்லாம் ஒரு குறை. அப்புறம் ஒரு மாதம், ஒரு சின்னக் கோட்டை ஊரில் நடக்கிற கொலைக் கதை வந்தது. ஊரின் பெயர் கதையில் இல்லை. அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

"நம்ம ஊருதான்யா. மூணு மலைன்னு எழுதியிருக்கான் பாரு" என்றார் கோவிந்தன்.

"அதுல வர்ற டாக்டரு யாருன்னு தெரியுதா?" என்று தயாளன் மாஸ்டர் கண்ணைச் சிமிட்டினார். "குதிரை வால் மாதிரி மீசை. நம்ம கிளினிக் ஆளேதான்."

அந்த வாரம் முழுக்க டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. போஸ்ட்மேனைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. கதையில் அவர் பிளாக்மெயில் செய்கிறவர். இப்போது யோசித்தால், சின்ன ஊர்க் கொலைக் கதையின் ருசி இதுதான் என்று படுகிறது. பட்டணத்தில் செத்தவனும் கொன்றவனும் நமக்கு யாரோ. சின்ன ஊரில், தினமும் பார்த்து "சாப்டியா" என்று கேட்கிற முகங்களைக் கொஞ்ச நேரம் சந்தேகத்தோடு பார்க்கக் கதை அனுமதி கொடுக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு ஜீப் போய்விடும். மிச்சம் இருக்கிற எல்லோரும் கழுவி வைத்த மாதிரி சுத்தமாகிவிடுவார்கள். மறுநாள் அதே டாக்டரிடம் நிம்மதியாக ஊசி போட்டுக்கொள்ளலாம். அந்த நிம்மதிக்காகத்தான் வாடகை கொடுத்துப் படித்தோம்.

அந்த நாவலைத்தான் நித்யா படித்திருந்தாள். நான் கடைசி ஃபாரம் வாங்காமல் நின்றுபோன புத்தகம் அது ஒன்றுதான்.

அக்காவின் புருஷன் முருகேசன் லாரி டிரைவர். பாதி நாள் ஊரில் இருக்கமாட்டார். இருக்கிற நாளில் குடிப்பார். குடித்தால் சத்தம் போடமாட்டார், சந்தின் முனையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைப்பார். ஒரே பெண் வசந்தி, பெண்கள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

ஆடி அமாவாசைக்கு நான் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேல்மலையனூர் போனேன். ஸ்பெஷல் பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் அக்காவும் வசந்தியும். கோயிலிலும் ஒன்றாகத்தான் இருந்தோம். அம்மனின் ஊஞ்சல் பார்த்துவிட்டு, அந்த ஜனக்கடலில் துண்டு விரிக்க இடம் கிடைத்த மூலையில் அம்மாவும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தார்கள். விடிந்ததும் ஒரே பஸ்ஸில் திரும்பினோம். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கால் வைக்கும்போதே கோவிந்தன் எதிரில் ஓடிவந்தார்.

"அக்கா, செட்டிகுளத்தாண்ட போங்க. அண்ணனை... குளத்துல இருந்து எடுத்து வச்சிருக்காங்க."

நானும் கூடப் போனேன். படிக்கட்டில் ஈர வேட்டியோடு கிடத்தியிருந்தார்கள். கோட்டை அடிவாரத்தில் அந்த நேரத்துக்குள் நல்ல கூட்டம். அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள்:

"அவரு செருப்பு எங்க?"

முதல் நாள் சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு, குடித்துவிட்டு, குளிக்கப் போனவர் பாசிப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். போஸ்ட்மார்ட்டத்திலும் வேறொன்றும் இல்லை. ஏட்டு டீக்கடையில் எங்களிடம் வெளிப்படையாகவே சொன்னார்: "நாவல் மாதிரியெல்லாம் ஒண்ணும் கெடையாதுபா. குடிச்சான், வழுக்குனான், பூட்டான். பாவம்."

அதோடு முடிந்திருக்க வேண்டியது. இரண்டு நாள் எல்லோரும் பாவம் என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் நாள் டீக்கடை பெஞ்சில் தயாளன் மாஸ்டர் மெல்ல ஆரம்பித்தார்.

"மொத அத்தியாயத்துல விபத்துன்னு வந்தா, கடைசி அத்தியாயத்துல அது இன்னாவா முடியும்? யோசிச்சிப் பாருங்க."

"மாஸ்டர், சும்மா இருங்க" என்றார் கோவிந்தன். ஆனால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் யாரையும் சொல்லலைப்பா. ஒரு பொம்பள, புருஷன் பொணத்தப் பாத்ததும் கேக்கற மொத கேள்வி செருப்பு எங்க. ஏன் கேட்டா? அதுல இன்னா இருக்குது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிடித்துக்கொண்டது என் வியாதியும். எந்த பஸ்ஸில் ஏறினோம், எங்கே உட்கார்ந்தாள், ஊஞ்சலின்போது எந்தப் பக்கம் நின்றாள், எப்போது படுத்தாள், எந்த பஸ்ஸில் திரும்பினோம் என்று ஒன்று விடாமல் அடுக்கினேன். "ராத்திரி பூரா எங்கம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. இதுக்கு மேல இன்னா வேணும்?"

நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது கோவிந்தன் மெதுவாக, மரியாதையாகக்கூட, சொன்னார்:

"காலண்டரு, கோச்சிக்காத. இவ்ளோ கரெக்டா அலிபை இருக்கற ஆளு நம்ம படிச்ச கதைங்கள்ல எப்பவாச்சும் நிரபராதியா இருந்திருக்கா?"

இருந்ததில்லைதான். ஊட்டி பங்களா எரிந்தபோது கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவன்தான் கொலைகாரன். ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் வேண்டுமென்றே சண்டை போட்டுத் தன்னை ஞாபகம் வைக்கச் செய்தவள்தான் கொலைகாரி. வருஷக்கணக்காக நாங்கள் அப்படித்தான் பழகியிருந்தோம். நாங்கள் மூன்று பேரும், துணி தைக்க வந்த இடத்தில் படித்த பாதி ஊரும். அழாத பெண், ஆயிரம் பேர் பார்க்கிற கோயில் கூட்டம், கத்திரியை எடுத்து முடிவுகளை ஒளித்து வைக்கிற பழக்கம். வேறு எந்த ஊரிலும் இந்த மூன்றையும் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து என் சாட்சி எனக்கு முன்னால் நடந்தது. நான் அவளுக்காக எங்கே வாயைத் திறந்தாலும், "ஆமாமா, பஸ்ல போனாங்க, கேட்டோம்" என்று ஒரு சிரிப்பு வரும். யாரும் அவள் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதை மட்டும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கொடுத்த துணியையும் வெட்டாமலே திருப்பி வாங்கிப் போனார்கள். புத்தகம் மட்டும் முன்னைவிட அதிகமாகப் போனது. வாடகைக்கு எடுக்க வருகிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்க வந்தார்கள்.

ஒரு சாயங்காலம் அந்தக் கோட்டை ஊர் நாவலோடு நான் போனபோது, வாசலில் வசந்தி யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடப் பை பக்கத்தில் கிடந்தது.

"இன்னா வசந்தி, ஸ்கூல் விட்டாச்சா?"

உள்ளிருந்து அக்காதான் சொன்னாள்: "மத்தியானமே வந்துட்டா. கிளாஸ்ல ஒரு பொண்ணு கேட்டுச்சாம், உங்கம்மா அந்தச் செருப்ப எங்க ஒளிச்சி வச்சிருக்காங்கன்னு."

மிஷினில் துணி இல்லை. அக்கா வெறும் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"புதுச் செருப்பு காலண்டரு. குளிக்கப் போனா யாரும் எடுத்துக்கினு போயிடக் கூடாதுன்னு பாறை இடுக்குல ஒளிச்சி வப்பாரு. அன்னிக்கு எனக்கு ஒண்ணும் புரியல. அவரு எழுந்து வெறுங்காலோட எப்டி வீட்டுக்கு வருவாருன்னுதான் தோணுச்சி. அதான் கேட்டேன்."

"நான் எல்லார்கிட்டயும் சொல்லினுதான் இருக்கேன்க்கா. நீங்க எங்ககூட பஸ்ல வந்தீங்க, கோயில்ல..."

"தெரியும். நீ பாத்ததுதான் வினையாப் போச்சி." அவள் குரலில் கோபம் இல்லை, தையல் அளவு சொல்கிற மாதிரி சொன்னாள். "நீ பாக்காம இருந்திருந்தா நான் புருஷன பறிகுடுத்த பொம்பளையா இருந்திருப்பேன். நீ பாத்ததுல கதைல வந்துட்டேன்."

என் கையில் இருந்த புத்தகத்தை அப்போதுதான் கவனித்தாள். பழைய சிரிப்பு ஒரு நொடி வந்தது.

"முடிச்சிட்டியா? சொல்லு. யாரு?"

எனக்குக் கதையில் வரும் டாக்டரின் மனைவி மேல் சந்தேகம். அழாதவள், கொலை நடந்தபோது ஊரில் இல்லாதவள். அதை அந்த அறையில் நின்று எப்படிச் சொல்வது? "இன்னும் கொஞ்சம் இருக்குதுக்கா, நாளைக்கு வர்றேன்" என்றேன்.

"ஊரே பதில் சொல்லுது" என்றாள் அக்கா. "யாருன்னு சொல்றாங்க. ஏன்னும் சொல்றாங்க, குடிச்சான் அதனாலன்னு. எந்தப் பக்கத்துலன்னு ஒருத்தரும் காட்ட மாட்டேன்றாங்க. இந்தக் கடைல தெனம் காட்டுனவங்கதான அத்தினி பேரும்."

மறுநாள் கமிட்டியில் கடலை வரத்து. அக்கா கடைக்கு நான் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அதற்கு அடுத்து போனபோது கதவு பூட்டியிருந்தது. வந்தவாசிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மிஷினையும் பெண்ணையும் தகரப் பெட்டியையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு பகலிலேயே போனாளாம். சுவரில் தொங்கிய நாவல்களை எடுக்கவில்லை. ஜனங்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். தயாளன் மாஸ்டர்கூட ஒரு கட்டு எடுத்துப் போனார். எல்லாம் முடிவில்லாத புத்தகங்கள். முடிவுகள் பெட்டியோடு போய்விட்டன.

அவள் ஓடிப்போனதாகத்தான் டீக்கடை எடுத்துக்கொண்டது. அதுவும் ஒரு தடயம்.

இதையெல்லாம் நித்யாவிடம் சொல்லி முடித்தபோது வெளியில் மாடுகளுக்குக் கொம்பில் பெயிண்ட் அடித்த பையன்கள் சத்தமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. நல்ல பெண். "பாவம் அந்த அம்மா" என்றாள். "அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ டென்ஷனா இருந்திருக்கும்" என்றாள். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த நீலத் துணித் துண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து, மிகவும் மென்மையாகக் கேட்டாள்:

"செருப்ப பாறை இடுக்குல ஒளிச்சி வப்பாருன்றது... அவங்க சொன்னதுதான பெரியப்பா? வேற யாரும் பாக்கலயே?"

அவளைப் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கலங்கிய கண்ணிலேயே ஒரு சின்னப் பளபளப்பு. அந்தப் பளபளப்பை எனக்கு நன்றாகத் தெரியும். அவலூர்பேட்டை பஸ் கண்டக்டரிடம் பார்த்திருக்கிறேன், டைப் வாத்தியாரிடம் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருப்பேன், அப்போது கவனித்திருக்க மாட்டேன்.

"எந்தப் பக்கத்துல?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் புத்தகத்தை மூடி, மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்காலம் காற்றாட அந்தச் சந்துவரை நடந்தேன். சந்து அகலமாகிவிட்டது. கோட்டைக்கு இப்போது வெளியூர்க் கூட்டம் அதிகம். ராஜகிரி மலையைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் கடைத்தெருவரை நிற்கிறார்கள். டீக்கடை பேக்கரியாகிவிட்டது. தயாளன் மாஸ்டரும் இல்லை, அவருடைய டைப் இன்ஸ்டிடியூட்டும் இல்லை. அக்காவின் ஒற்றை அறை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர் கடை. அதை நடத்துகிற இளைஞன் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டபடி ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருந்தான். என்ன பாட்டு என்றேன். ஒரு காதிலிருந்து கழற்றிச் சொன்னான்: "பாட்டு இல்ல சார். மர்டர் கேஸ். நெஜமா நடந்தது. சின்ன ஊரு ஒண்ணு, செமையா போவுது."

"யாரு கொன்னாங்களாம்?"

"அந்த பொண்டாட்டிதான் சார். கேட்டாலே தெரியுது" என்றான், தலையைத் தூக்காமல்.

அவனுக்குப் பின்னால் அந்தச் சுவர். கயிறு கட்டிய ஆணிகளைப் பிடுங்கிச் சிமெண்ட் பூசி, பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். ஒரு ஓட்டையாவது தெரிகிறதா என்று நின்று பார்த்தேன். தெரியவில்லை.